ஜன்னல் பக்கத்து நாற்காலிகள்

பத்தே முக்கால். இந்தச் சுவர்க் கடிகாரம் ஐந்து நிமிடம் முந்தி ஓடுகிறது என்று போன தடவை பியூன் சொன்னார், ஆகவே பத்து நாற்பது. விசாரணை பதினொரு மணிக்கு. இன்னும் இருபது நிமிடம் இந்தத் தொடைகள் இரண்டும் இந்த மெத்தை நாற்காலியில் ஒட்டியே கிடக்க வேண்டும், அவ்வளவுதான் இன்றைக்கு வேலை என்று பிரம்மசக்தி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூன்று தடவை ஜெயிலுக்குப் போனவள், ஜங்ஷன் மறியலில் தடியடிபட்டு விலா எலும்பு விரிசல் விட்டவள், அறுபத்து மூன்று வயதில் தன் முழங்கால்கள் இரண்டைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்கிறாள் என்று யாரிடம் சொன்னால் நம்புவார்கள். நம்ப வேண்டாம். தொழிலாளர் துறையின் இந்த அறையில் ஒரு நீள மேசை, அதன் தலைப்பில் அதிகாரியின் நாற்காலி. மேசைக்கு அந்தப் பக்கம், ஜன்னலை ஒட்டி, மின்விசிறிக்கு நேர் கீழே ஏழு மெத்தை நாற்காலிகள். இந்தப் பக்கம், கதவை ஒட்டி, ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதற்குப் பின்னால் பீரோவும் வெறும் சுவரும். ஜன்னல் பக்கம் நிர்வாகம், கதவுப் பக்கம் தொழிலாளி. பிளாஸ்டிக் நாற்காலி சங்கத்துப் பிரதிநிதிக்கு. மற்றவர்கள் சுவரோரம் நிற்பார்கள். இதை எந்தச் சட்டத்திலும் எவனும் எழுதி வைக்கவில்லை. இருபத்தைந்து வருடமாக அவளே வந்து அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தன் முதுகுக்குப் பின்னால் ஆட்களை நிற்க வைத்துக்கொண்டு, நிற்பதற்கு எதிராக மணிக்கணக்கில் வாதாடியிருக்கிறாள். ஒரு நாள்கூட அது உறைக்கவில்லை. இன்று காலை பத்தேகாலுக்கே ஆறு பேரையும் கூட்டி வந்து, ஜன்னல் பக்கம் வரிசையாக உட்கார வைத்து, நடு நாற்காலியில் தான் உட்கார்ந்தாள். பியூன் எட்டிப் பார்த்துவிட்டு, அது மேனேஜ்மென்ட் சைடும்மா என்றார். எங்க எழுதிப் போட்டிருக்கு என்று கேட்டாள். எழுதல்லாம் இல்ல, வழக்கம் என்றார். வழக்கத்தை மாத்தத்தான் மனு போட்டிருக்கோம், மனுவைப் படிச்சீரா என்றாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். நல்ல மனுஷன்தான். அவருக்கும் வெளியே ஸ்டூல் கிடையாது, ஜன்னல் விளிம்பில் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நிற்கிறார், அதற்கும் ஒரு மனு எழுத வேண்டும்.

படியில் யாரோ ஏறும் சத்தம். உடனே இடது ஓரத்தில் வள்ளிமயிலின் நாற்காலி கிரீச்சிட்டது. பாதி எழுந்துவிட்டு, வருவது டீக்காரர் என்று தெரிந்ததும் முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி பாவனை காட்டி மறுபடி உட்கார்ந்தாள். நாற்பது வயது, பதினேழு வருடச் சர்வீஸ், மூன்று பெண் பிள்ளைகள். அவளை வைத்துத்தான் கணக்கு. அவள் கையெழுத்துப் போட்டால் மற்ற நாலு பேரும் போடுவார்கள், ஜெனிட்டா மட்டும் மிஞ்சுவாள், இருபத்து நாலு வயதுப் பிள்ளையை ஒற்றையாக வைத்துக்கொண்டு எந்த ஆணையர் முன்னால் என்ன பேச. ஜவுளிக்கடை மேனேஜர் இன்றைக்கும் அந்தச் சிவப்பு ஃபைலைக் கொண்டுவருவான். உள்ளே ஆறு தாள், ஒரே மாதிரி டைப் அடித்தது, இங்கிலீஷில். ஆடித் தள்ளுபடி ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு மூன்றாம் மாடியில் வாடிக்கையாளர் முன்னிலையில் தரையில் ஸ்க்வாட் செய்ததற்கு வருந்துகிறேன், இனி அவ்வாறு செய்ய மாட்டேன். கையெழுத்துப் போட்டால் நாளைக்கே மறுபடி வேலை. போடாவிட்டால் வழக்கு, கோர்ட்டு, வருடங்கள். போன மாதம் இந்த அறைக்கு வந்தவர்கள் எட்டுப் பேர். போகும்போது ஆறு. இரண்டு பேர் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு மேனேஜரோடு அதே காரில் ஏறிப் போனார்கள். ஏன் போட்டார்கள் என்று சங்கக் கூட்டத்தில் கேட்டார்கள். பயம், குடும்பம், வாடகை என்று பிரம்மசக்தி பதில் சொன்னாள். எல்லாம் உண்மைதான். ஆனால் அது இல்லை. அது அவளுக்குத் தெரியும், சொல்லவில்லை. சின்ன முதலாளி கதவைத் திறந்தபோது என்ன நடந்ததென்று சொல்லவில்லை. இன்றைக்கும் அந்த அரை நிமிடம்தான். அவன் உள்ளே வந்து உட்காருவதற்குள் இருக்கிற அரை நிமிடம். அதில் இவர்கள் எழுந்தால் போச்சு. எழுந்த உடம்பு கையை நீட்டும், கை பேனாவை வாங்கும். எழாவிட்டால், அப்புறம் யார் வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம்.

ஸ்க்வாட். அந்தச் சொல்லை ஆறு பேருக்கும் தமிழில் சொல்லிக் கொடுத்தது அவள்தான். குந்துவது. கூடவே அகராதியில் இரண்டாவதாக இன்னொன்றும் போட்டிருக்கிறது, உரிமையில்லாத இடத்தில் போய் இடம்பிடித்துக்கொள்வது. ஏழை குந்தினாலே நிலத்தைப் பிடிக்கத்தான் குந்துகிறான் என்று அகராதி எழுதிய வெள்ளைக்காரனுக்குத் தோன்றியிருக்கிறது, இரண்டையும் ஒரே சொல்லில் கட்டிவிட்டான். எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு அவளுடையது. மிச்சமெல்லாம் நோட்டீசில் படித்தது, மாநாட்டு வாசலில் விற்கிற சின்னச் சின்னப் பிரசுரங்களில் படித்தது. இங்கிலீஷ் மட்டும் மெமோவில் படித்தாள். கடையில் சேர்ந்த ஐந்தாம் வருடம் ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். கேஷியரிடம் காட்டியபோது, நீ உட்கார்ந்துட்டியாம் பிள்ள என்று சிரித்தார். அவ்வளவு நீளத் தாளில் அவ்வளவுதானா இருக்கும். அன்று சாயங்காலமே ஜங்ஷனில் பழைய புத்தகக் கடையில் அட்டை பிய்ந்த அகராதி ஒன்றை வாங்கினாள். எஸ் என்ற எழுத்தில் அந்தப் பக்கம் இன்றைக்கும் தேங்காயெண்ணெய்க் கறையோடு தானாக விரிகிறது. சிட். அது சின்னச் சொல், யாருக்கும் சொந்தமில்லாத சொல், நாயும் சிட், கலெக்டரும் சிட். சிட் டவுன் என்றால் நிற்கிறவர் உட்காருவது. சிட் அப் என்றால் படுத்தவரோ சரிந்தவரோ நிமிர்ந்து உட்காருவது, அது அவளுக்குப் பிடிக்கும். பி ஸீட்டட் என்பது வேறு. அதைச் சொல்கிறவனுக்கு நாற்காலி சொந்தம், கேட்கிறவன் நன்றி சொல்லிவிட்டு உட்கார வேண்டும். ஸீட் என்று தனியாக நின்றால் இன்னொருவரை உட்கார வைப்பது. பத்தொன்பது வருடம் அவள் செய்தது அதுதான், கல்யாண வீட்டுக்காரர்களை உட்கார வைப்பது, வாங்கம்மா இருங்கம்மா என்று முக்காலி இழுத்துப் போடுவது, அவர்கள் மடியில் சேலையை விரிப்பது. லவுஞ்ச் என்றால் வேலைவெட்டி இல்லாமல் சாய்ந்து கிடப்பது. இரண்டாவது மெமோவில் அதைப் போட்டிருந்தான். அப்போது ஏழு மாதக் கர்ப்பம், கழிப்பறைச் சுவரில் தலையைச் சாய்த்து ஒரு நிமிடம் கண்ணை மூடியிருந்தாள், அதற்கு லவுஞ்ச். ஸ்லம்ப் என்றால் மூட்டை சரிகிற மாதிரி உட்காருவது, ராத்திரி கடைசி பஸ்ஸில் டவுனிலிருந்து வீடு வரைக்கும் அதுதான். பெர்ச் என்றால் விளிம்பில் உட்காருவது, குருவி கம்பியில் உட்காருகிற மாதிரி, எந்த நேரமும் பறக்கத் தயாராக. அதைப் படித்தபோது அகராதியை மூடி வைத்துவிட்டுச் சிரித்தாள். கடையில் எல்லாப் பெண்களும் பெர்ச்தான். கழிப்பறை நடையில் ஒரு தண்ணீர் டிரம் இருந்தது. மூடியின் விளிம்பில் ஒருத்தி உட்காருவாள், இன்னொருத்தி வாசலில் நிற்பாள், நூறு எண்ணியதும் ஆள் மாறும். நூறுக்கு மேல் எண்ணினால் சண்டை வரும். நாலாயிரம் ரூபாய்ப் பட்டைத் தூக்கித் தூக்கிக் காட்டுகிற கைகள், டிரம் மூடியில் ஐம்பது எண்ணிக்கை கூடுதலாக உட்கார்ந்ததற்காக இன்னொருத்தியின் கொண்டையைப் பிடித்திருக்கின்றன.

அதற்கும் முன்னால் அந்தக் கடையில் எல்லோரும் உட்கார்ந்துதான் இருந்தார்கள். ஒரே மாடி. வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை, அதில் ஆண்கள் சம்மணமிட்டு உட்கார்ந்து பட்டைப் பிரித்துப் போடுவார்கள், வாங்க வந்தவர்களும் எதிரே அதே மெத்தையில் உட்காருவார்கள். பெண்களை வேலைக்கு எடுத்த வருடம் மெத்தையைத் தூக்கினான் பெரிய முதலாளி. கண்ணாடிக் கவுண்டர் வந்தது. பொம்பளைப் பிள்ளைங்க நின்னாத்தான் கடைக்கு லட்சணம் என்று அவன் சொன்னதாகச் சொன்னார்கள். அப்புறம் நாலு மாடி, லிஃப்ட், கேமரா. இப்போது நூறு எண்ணுகிற சௌகரியம்கூடக் கிடையாது, கவுண்டருக்குக் கீழே கொஞ்சம் முழங்கால் மடங்கினால் மைக்கில் கூப்பிடுகிறான், மூணாவது மாடி, ஏழாம் கவுண்டர், எந்திரி. உட்கார இருக்கை கொடுக்க வேண்டுமென்று சட்டமே வந்துவிட்டது. வந்த மறுமாதம் நாற்பது ஸ்டூல் வாங்கினான், அதையும் சொல்லத்தான் வேண்டும். இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் குடோனிலிருந்து லிஃப்டில் ஏறும், அவர் போனதும் இறங்கும். மூன்று வருடமாகியும் ஒரு ஸ்டூலிலும் பாலிதீன் உறை கிழியவில்லை. பெண்ணுக்கு உட்காரக் கொடுத்து வைத்த காலம் ஒன்றே ஒன்று உண்டு. பதின்மூன்று வயதில் அவளைப் பதினாறு நாள் மூலையில் உட்கார வைத்தார்கள், பிரம்மு உக்காந்துட்டா என்று தெருவெல்லாம் சொன்னார்கள், அப்போது எழுந்தால் திட்டு. அன்றைக்கு ஓடத் தெரிந்த கால், எழக் கூடாது என்றார்கள். அப்புறம் வாழ்நாளெல்லாம் உட்காரக் கூடாது என்றார்கள். சங்கம் மட்டும் என்ன வாழ்ந்தது. மேடையில் தலைவர்கள் வீற்றிருப்பார்கள், அந்தச் சொல்லையே சுவரொட்டியில் போடுவார்கள். தனக்கு நாற்காலி எங்கே என்று ஒரு மாநாட்டில் கேட்டாள். நீ நின்னு பேசினாத்தான் எடுப்பா இருக்கும் சக்தி என்றார் செயலாளர். நின்றே பேசினாள். உட்காருகிற உரிமையைப் பற்றி ஒன்றே கால் மணி நேரம் நின்றே பேசினாள். கைதட்டினார்கள். அவர்கள் தட்டிய கைதட்டல் இன்றைக்கும் காலில் வலிக்கிறது, கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு பச்சைப் பாம்பு மாதிரி.

மறுபடி படியில் சத்தம். இந்தத் தடவை இரண்டு நாற்காலி கிரீச்சிட்டது. தன்னுடையதா? தொடையைத் தொட்டுப் பார்த்தாள். இறுகியிருந்தது, ஆனால் எழவில்லை. யாரோ ஓய்வூதியக்காரர், கதவைத் திறந்து, பென்ஷன் ரூம் இது இல்லையா என்று கேட்டுவிட்டுப் போனார். ஓய்வூதியக்காரருக்கே இப்படி என்றால். பத்து ஐம்பது. நினைக்கக் கூடாது என்று தள்ளத் தள்ள அது வந்தது, எப்போதும் இந்த இடத்தில்தான் வரும். பதின்மூன்று வருடத்துக்கு முன்னால், வீட்டு முன்னறையில், அவர் கிடக்கிறார், கட்டை விரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியாயிற்று. தலைமாட்டில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். தெருவே வந்து போகிறது, கட்சிக்காரர்கள், சங்கத்துக்காரர்கள், கவுன்சிலர், எம்எல்ஏகூட வந்தார், யாருக்கும் அவள் தலை நிமிரவில்லை, அழுகை அப்படி. அப்போது வாசலில் கார்க் கதவு சாத்துகிற சத்தம். பெரிய முதலாளி, கையில் ரோஜா மாலை. அவளை வேலையை விட்டுத் துரத்தியவன், கோர்ட்டில் பதினொரு வருடம் இழுத்தடித்தவன். அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் எழுந்து நின்றாள். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். செத்துக் கிடக்கிற புருஷன் தலைமாட்டை விட்டுவிட்டு, அழுகையை நிறுத்திவிட்டு, கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற மாதிரி. அவனே திகைத்துப்போய், உக்காரும்மா, உக்காரு என்றான். அவன் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தாள். பி ஸீட்டட். அவள் வீட்டுத் தரை, அவள் புருஷன் பிணம், நாற்காலி இல்லாத இடத்திலும் அவன் நாற்காலிக்காரன். அவள் எழவில்லை, அவளுடைய கால்கள் எழுந்தன. இந்த வித்தியாசத்தை யாருக்கு விளக்க? எந்தப் பிரசுரத்திலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. கூலி பற்றி இருக்கிறது, வேலை நேரம் பற்றி இருக்கிறது, கால் தானாக எழுவதைப் பற்றி இல்லை. அவள் எழுதியிருக்க வேண்டும். நூற்றுக்கு மேல் நோட்டீஸ் எழுதியவள் அதை எழுதவில்லை, கூச்சம். போன மாதம் இந்த அறையில், அதே கதவு, பெரியவன் செத்து இப்போது மகன், அவன் கைப்பிடியைத் திருப்பினான், பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து இந்தக் கால்கள் எழுந்தன. சுவரோரம் நின்ற எட்டுப் பேரும் பார்த்தார்கள். அவர்கள் ஏற்கெனவே நின்றவர்கள், அதற்கு மேல் எழ முடியாது. ஆனால் எட்டுப் பேர் முதுகும் சுவரை விட்டு நிமிர்ந்தது, எட்டுக் கையும் முந்தானையை இழுத்துச் சொருகியது. அதோடு முடிந்தது. அவன் அரை மணி நேரம் பேசியதெல்லாம் வீண் பேச்சு, ஏற்கெனவே ஜெயித்தவன் பேச்சு.

சொல்லிவிடலாமா. சொன்னால் இவர்கள் முன்னால் நாற்பது வருடம் சரியும். சொல்லாவிட்டால் மறுபடியும் அவள் எழுவாள், இவர்கள் பின்னாலேயே எழுவார்கள், ஜன்னல் பக்கம் உட்கார்ந்ததெல்லாம் வெறும் கூத்து. எழாதீர்கள் என்று உத்தரவு போடலாம். ஆனால் எந்திரி என்று ஒருவன் மைக்கில் சொல்கிறான், எந்திக்காதே என்று இவள் வாயால் சொல்வாள், உத்தரவு உத்தரவுதானே. அதற்கா இத்தனை பாடு. வலது பக்கம் ஜெனிட்டா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மூன்றாம் மாடியில் முதலில் உட்கார்ந்தது இந்தப் பிள்ளைதான். அடிவயிற்று வலி, கேட்டதற்கு லீவு இல்லை, ஆறு மணிக்குக் கம்பளத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மைக் அலறியது. பக்கத்துக் கவுண்டர்காரி உட்கார்ந்தாள், அடுத்தவள், அடுத்தவள், எட்டுப் பேர், பத்து நிமிடம். வாங்க வந்த ஒரு அம்மா குனிந்து, இந்த மாம்பழக் கலர்ல சின்னக் கரை இருக்கா என்று கேட்டாளாம். ஜெனிட்டா உட்கார்ந்தபடியே எடுத்துக் காட்டினாளாம், அந்த அம்மா வாங்கிக்கொண்டும் போனாளாம். உட்கார்ந்து விற்ற சேலை. உலகம் இடியவில்லை. மனுவில் அதை எழுதியிருக்கிறாள், நாலாவது பத்தி.

“போன தடவ அவன் வந்தப்போ,” என்றாள் பிரம்மசக்தி. குரல் கரகரத்தது, மேடைக் குரலில்லை. “நாந்தான் மொதல்ல எந்திச்சேன்.”

மேசையில் யாரோ விட்டுப்போன குண்டூசி டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியும்க்கா,” என்றாள் ஜெனிட்டா.

“தெரிஞ்சா ஏன் கேக்கல.”

“என்னத்தக் கேக்க. நீங்களே எந்திக்கீங்க, அப்ப இது எந்திக்க வேண்டிய எடம்தான் போலன்னு நெனச்சோம்.”

வள்ளிமயில் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டே, தனக்கும் அப்படித்தான் என்றாள். வீட்டில் டிவியில் கடை விளம்பரம் வரும்போது, சின்ன முதலாளி கும்பிட்டுக்கொண்டு வருவானே, அப்போது சோற்றுத் தட்டோடு எழுந்து நின்றிருக்கிறாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்குங்களாம். ஒருத்தி சிரித்தாள், இன்னொருத்தியும் சிரித்தாள். இன்னொருத்தி, கோயிலில் நடை திறந்தால்கூட அவ்வளவு வேகமாகத் தான் எழுவதில்லை என்றாள். நாற்பது வருடம் சரியவில்லை. நோட்டீசில் எழுதாத வரி ஏழு பேரிடமும் இருந்திருக்கிறது, தனித்தனியாக, ஒளித்து ஒளித்து. “இன்னைக்கு எந்திச்சீங்கன்னா சேலையப் புடிச்சு இழுத்துருவேன்க்கா,” என்றாள் ஜெனிட்டா, “அப்புறம் என்னயச் சொல்லப்பிடாது.” இழுப்பாய், இழுப்பாய், முதலில் உன் சேலையைப் பிடி என்று வள்ளிமயில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கீழே காம்பவுண்டில் கார்க் கதவு சாத்தியது. கனமான, மெத்தென்ற சத்தம். வேறு எந்தக் காருக்கும் அப்படிச் சத்தம் கிடையாது, கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். சிரிப்பு நின்றது.

தொடை இறுகியது. வருகிறது. இடுப்பிலிருந்து ஏதோ கிளம்பி முழங்காலுக்கு இறங்கியது, குதிகால் தரையை அழுத்தத் தொடங்கியது, அவளைக் கேட்காமல், கடை திறக்கிற பத்தரை மணிக்கு நிற்கத் தொடங்குகிற மாதிரி, அதற்கு அவள் யாரோ. நாற்காலிக் கையைப் பிடித்தாள். கை பிடித்துக்கொண்டால் கால் என்ன செய்யும் என்று பார்த்தாள், கால் கையை விடப் பலம். படியில் செருப்பில்லை, ஷூ, இரண்டு ஜோடி. பன்னிரண்டு படி, திருப்பம், பன்னிரண்டு படி. சேலை இழுத்தாலும் நிற்காது, கிழியும். மறியலில் கையைக் கோத்துக்கொள்வார்கள், போலீஸ் பிரிக்க முடியாதபடி. காலை எதோடு கோப்பது. காலை. காலோடு. வெள்ளை மெத்தை, சம்மணமிட்ட ஆண்கள், முதலாளி வரும்போது அவர்கள் உட்கார்ந்தபடியே தலையை மட்டும் அசைப்பார்களே, மரியாதை குறைவென்று யாரும் சொன்னதில்லையே, சம்மணம் போட்டவன் எப்படிச் சட்டென்று எழுவான். குனியாமலேயே வலது செருப்பைக் கழற்றினாள். இடது செருப்பை. இரண்டு கையாலும் வலது காலைத் தூக்கி நாற்காலியில் வைத்தாள், நரம்பு சுண்டி இழுத்தது, இழுக்கட்டும், இடது காலைத் தூக்கி அதற்கு மேல் மடித்தாள். அரசாங்கத்து மெத்தை நாற்காலியில் சாப்பாட்டுக்கு உட்காருகிற மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இதற்கு அந்த அகராதியில் ஒற்றைச் சொல் கிடையாது, அவர்களுக்கு இது நாலைந்து சொல்லாகும். ஒருவரையும் பார்க்கவில்லை. ஒன்றும் சொல்லவில்லை. வலது பக்கம் ஒரு செருப்பு டப்பென்று விழுந்தது. அப்புறம் இன்னொன்று. இடது பக்கம் ஒன்று, இரண்டு, வளையல் சத்தம், நாற்காலிகள் முனகின. “மடங்க மாட்டேங்குதுட்டி,” என்று வள்ளிமயில் கிசுகிசுத்தாள். பக்கத்தில் இருந்தவள் அவள் முழங்காலைப் பிடித்து அழுத்தினாள், எலும்பு சொடுக்கியது, ஐயோ அம்மா என்றாள், மடங்கிவிட்டது.

கதவு திறந்தது. சின்ன முதலாளி, வெள்ளை வேட்டி இல்லை, பெரியவனோடு அது போயிற்று, இஸ்திரி போட்ட நீலச் சட்டை, நெற்றியில் சந்தனம், ஐம்பது வயதிருக்கும். பின்னால் மேனேஜர், சிவப்பு ஃபைல். உள்ளே இரண்டு எட்டு வைத்து, வழக்கமாகப் போகிற ஜன்னல் பக்கம் திரும்பி, நின்றான். ஏழு பெண்கள், ஏழு சம்மணம், கீழே பதினாலு செருப்பு. இடது ஓரத்து நாற்காலி கிரீச்சிட்டது. பிரம்மசக்தி மூச்சை அடக்கினாள். வள்ளிமயிலின் உடம்பு முன்னால் சாய்ந்து, ஒரு விரற்கடை மேலே போனது, மடங்கிய கால்களுக்கு மேல் தடுமாறி, திரும்பவும் மெத்தையில் விழுந்தது. எழ முடியவில்லை. எழ முடியாதென்று தெரிந்ததும் அவள் முகத்தில் வந்ததை, பிரம்மசக்தி இந்த நாற்பது வருடத்தில் எந்த மாநாட்டிலும் பார்த்ததில்லை. வணக்கம்க்கா, சௌக்கியமா என்று கும்பிட்டான் சின்ன முதலாளி. சௌக்கியம் என்றாள். கால் துடித்தது, ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு, கட்டிப்போட்ட ஆடு மாதிரி, போகவில்லை. பக்கத்து அறைக் கதவு வழியாக உதவி ஆணையர் ஃபைல் கட்டோடு வந்தார், புதிதாக மாற்றலாகி வந்தவர், தலை நிமிராமலேயே, குட்மார்னிங் சார், ப்ளீஸ் பி ஸீட்டட் என்றார். சொன்ன பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். சொல் மட்டும் அறைக்குள் இருந்தது, மெத்தை நாற்காலி காலியில்லை. பியூன் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியை ஒற்றைக் கையால் சின்ன முதலாளி பக்கம் நகர்த்தினார். பரவால்ல, இருக்கட்டும் என்று அவன் நின்றான். மேனேஜர் பின்னால் சுவரோரம், பீரோவை ஒட்டி நின்றான். இவங்கள ஒழுங்கா உக்காரச் சொல்லுங்க சார் என்றான். உட்கார்ந்துதானே இருக்காங்க என்று உதவி ஆணையர் சொன்னார், கிண்டலா நிஜமா என்று தெரியவில்லை, கட்டைப் பிரித்து முதல் பக்கத்திலிருந்து மனுவைச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார்.

அவர் இழுத்து இழுத்து வாசித்தார். ஒன்றாம் பத்தி. இரண்டாம் பத்தி. மேனேஜர் ஃபைலைத் திறந்து ஆறு தாளையும் மேசையில் வைத்து, பேனாவை மேலே வைத்து, வள்ளிமயில் பக்கமாகத் தள்ளினான். தள்ளியது பாதி மேசையில் நின்றது. எட்டி எடுக்க வேண்டுமானால் காலைப் பிரித்து எழ வேண்டும். வள்ளிமயில் கையை நீட்டவில்லை. மூன்றாம் பத்தி. பிரம்மசக்தி மனுவைக் கேட்கவில்லை, அது அவள் எழுதியது. சின்ன முதலாளியின் இடுப்புக்குக் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் இடது கால். ஆமாம், எல்லோருக்கும் இடது காலில்தான் தொடங்கும். பாரத்தை வலதுக்கு மாற்றினான். பிறகு வலதிலிருந்து இடதுக்கு. அடுத்து முழங்கால் லேசாக மடங்கும், மடங்கியது. அடுத்து கை எதையாவது தேடும். மேசை விளிம்பைத் தேடிப் பிடித்தது. ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது. பன்னிரண்டு மணி நேரத்தில் இது முதல் ஐந்து நிமிடம், தம்பி, இதற்கப்புறம்தான் இடுப்பு வரும், அதற்கப்புறம் பாதத்தில் முள் வரும், மத்தியானத்துக்கு மேல் வலி என்பதே இருக்காது, கால் இருக்கும் இடத்தில் இரண்டு மரக்கட்டை இருக்கும். நிற்கட்டும். நாலாம் பத்தி வரைக்கும் நிற்கட்டும், அந்த மாம்பழக் கலர்ச் சேலை வருகிற வரைக்கும்.

“உக்காருங்க மொதலாளி,” என்றாள் வள்ளிமயில். “நின்னுக்கிட்டே இருந்தா கால் வலிக்கும்.”

வாசிப்பு நின்றது. பிரம்மசக்தி திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தில் கிண்டலில்லை, குழைவுமில்லை. தெரிந்தவள் தெரியாதவனுக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள், அவ்வளவுதான். சின்ன முதலாளி அவளைப் பார்த்தான், ஏழு பேரையும் பார்த்தான், பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்தான். பிறகு உட்கார்ந்தான். சாயவில்லை, முழுதாக உட்காரவுமில்லை, நாற்காலியின் விளிம்பில், இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு.

பெர்ச், என்று பிரம்மசக்தி மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

உதவி ஆணையர் நாலாம் பத்தியைத் தொடங்கினார். மேசை நடுவில் ஆறு தாளும் மின்விசிறிக் காற்றில் முனை தூக்கித் தூக்கி அடங்கின, பேனா மேலே கிடந்தது. மடித்துப்போட்ட கால் மரத்துப்போய், விரல் நுனியிலிருந்து எறும்பு ஏறத் தொடங்கியிருந்தது. பிரித்து நீட்டச் சொல்லிக் கெஞ்சியது. இருக்கட்டும் என்றாள்.